பெட்ரோல் மூடி

காட்டெருமை கோபமாக இடிக்கவில்லையாம்.
தேயிலைக்குள்ளிருந்து ஏறி வந்தது, ரோட்டைப் பார்த்தது,
ஓரமாக நின்ற காரில் தோளைச் சாய்த்து
ஒரே ஒருமுறை சொறிந்துகொண்டது.
அவ்வளவுதான் என்றாள் பிரபாவதி.
அவ்வளவில் இடது முன்கதவு
சாப்பாட்டுத் தட்டு போலக் குழிந்திருந்தது.

கார் அவளுடையது இல்லை. அக்கா கணவருடையது.
ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து வருகிறார்.
இன்று செவ்வாய்.

குழியைத் தட்டி எடுப்பது ஹரிதாஸ்.
பட்டி வைத்துத் தேய்த்து, மறுபடி பட்டி வைத்து
மறுபடி தேய்ப்பது ஃபைசல்.
நிறம் என் பாடு.

கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் ஓர் எண் இருக்கிறது.
பதினோரு வருடத்துக்கு முன்
தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றைய சாம்பலை
அது சொல்கிறது.
அதன் பிறகு எத்தனை ஏப்ரல் வெயில்,
எத்தனை ஐப்பசி மழை, எவ்வளவு சோப்புத்தூள்.
எண்ணுக்கு எதுவும் தெரியாது.

பெட்ரோல் மூடியைக் கழற்றிச்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு
அரவேணுவில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன்.
குஞ்சப்பனை தாண்டியதும் காது அடைத்துத் திறந்தது.
ஸ்வெட்டர் மடிக்கு வந்தது.

கடை மெஷின் மூடியை முகர்ந்து கணக்குச் சொன்னது:
கறுப்பு இத்தனை கிராம், பொடி வெள்ளி இத்தனை,
பெருவெட்டு வெள்ளி கொஞ்சம், நீலம் பேருக்கு.
வாசல் வெயிலில் அட்டையையும் மூடியையும்
ஒட்டிப் பிடித்தேன்.
கோடே தெரியவில்லை.
"பில் போட்டுடவா?" என்றார் கடைக்காரர்.

மேலே வந்தால் பனி.
புதன் பனி. வியாழன் பனி.
பனியில் எந்தச் சாம்பலும் எந்தச் சாம்பலோடும் சேரும்.
கார், கம்ப்ரசர், எதிர்க்கடை ஷட்டர்,
அதன் முன்னால் நின்றபடி தூங்கும் நாய்,
எல்லாம் ஒரே டப்பாவில் அடித்த மாதிரி.
"அப்படியே பொருந்திடுச்சே" என்றாள்.
"பனிக்குப் பொருந்தியிருக்கு" என்றேன்.
கிளியர் கோட் வேறு ஈரம் குடித்து
பால் தெளித்தாற்போல் பூத்துவிட்டது.
ஃபைசல் ஒன்றும் சொல்லாமல்
வாட்டர் பேப்பரை நனைத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு வெயில்.
எல்லாரும் வெளியே ஓடினோம்.
நேரே பார்த்தால் ஒரே நிறம்.
பானெட் பக்கம் போய்ச் சாய்ந்து பார்த்தேன்:
கதவு மட்டும்
நீலம் பாரித்து, வேறு வீட்டுக்கு வந்தது போல்.
ஒன்பது நிமிடம்.
மேகம் மூடுவதற்குள் தீக்குச்சி நுனியில்
காவி மஞ்சள் தொட்டுக் கலக்கினேன்.
அட்டை நான்கு. ஐந்தாவது சுமார். ஆறாவது
வெயில் போன பிறகு காய்ந்தது.

ஆறாவதைத்தான் நம்பவேண்டும்.
பிறகு அவளிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன்:
பின்கதவையும் முன் மட்காடையும் தேய்க்கணும்.
"அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"
ஆகலை. அதனாலதான்.
புதுசு ஒரு கோட்டில் நின்றால் கண் அங்கேயே நிற்கும்.
அடிபடாததன் மேலும் கொஞ்சம் ஏற்றி,
போகப்போக மெலிதாக்கி,
எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியாமல்
முடிக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் பின்கதவைத் தடவிக்கொண்டிருந்தாள்.
"சரி, தேய்ங்க."

ஹாலஜன் விளக்குகளுக்கு நடுவில் சனி இரவு.
கன்னை இழுத்தபோது ஃபைசல் மூச்சை அடக்கியிருந்தான்,
நானும்தான், நான் ஏன் என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மீதி ஆயிரத்தைந்நூறோடு வந்தாள்.
"கண்டுபிடிச்சுட்டார்."
வயிற்றில் ஏதோ கழன்றது. எந்தப் பக்கம்?
மட்காட் ஓரமா? சாயங்கால வெளிச்சத்திலா?

பெயின்டில் இல்லையாம். கதவைத் திறந்து உட்கார்ந்தவர்
ரப்பர் பீடிங்கிலிருந்து
விரல் நீளத்துக்குக் கருமுடி ஒன்றை
உருவி எடுத்தாராம்.
"இது யாரோடது?" என்றாராம்.

சிரித்துக்கொண்டே எண்ணி வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.
வெளியே நல்ல வெயில்.
கார் அந்தப் பக்கம் நின்றது.
போய்ச் சாய்ந்து பார்த்தேன்.